பதினேழாம் நாள்

நேற்றிரவு இருபத்துமூன்று.
விடிய எழுந்து விளக்கின் கீழ் எண்ணினேன்: பத்தொன்பது.
மற்ற நாலும் மூலையில்
ஒன்றன்மேல் ஒன்றாய்,
கழற்றிப் போட்ட காலுறைகள் மாதிரி.

துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் ஊதியது.
ஜம்பட்டா வீதியில் பாண்காரனின் ஓட்டோ
தனக்குத் தெரிந்த ஒரே மெட்டோடு திரும்பிப் போனது.
மூன்றாம் மாடியில் நான்
ஒரு பெசன்ட் குஞ்சைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
அலகு சுத்தம். கண் சுத்தம்.
தீன்பை நிறைய நேற்றைய தீன்.
சாகிற எண்ணமே இல்லாமல் செத்திருந்தது.

முதலில் கரண்டைச் சந்தேகித்தேன்.
இரவில் போய் வந்திருந்தால்
மேசை மணிக்கூடு கண்சிமிட்டும். சிமிட்டவில்லை.
வெப்பமானியில் தொண்ணூறு.
குளிரென்றால் நெருங்கும், சூடென்றால்
ஓரத்துக்கு ஓடி வாய் பிளக்கும்.
இவை இரண்டும் செய்யவில்லை.
சிறகைத் தொங்கப்போட்டு
நின்றபடியே தூங்கின,
காலைப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் போல.

பிறகு டெங்குப் புகை.
செவ்வாய் பின்னேரம் சந்துக்குள் அடித்தார்கள்,
வெள்ளையாய்ப் படியேறி வந்தது.
ஜன்னலைச் சாத்தினேனா?
சாத்தினேன். சாத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு பக்கத்து வீட்டு மெர்லின் அக்கா
தீயவிட்ட நொன்ஸ்டிக் தாச்சி.

பிறகு, எவருக்கும் வசதியாக, விற்ற மனிதர்.
மட்டக்குளி இஃப்ஹாம் நானாவுக்குப் போன் எடுத்தேன்.
"தங்கச்சி, என்கிட்ட இருக்கிற அறுபதும் ஓடித் திரியுது.
நீங்க என்னத்த வித்தியாசமாச் செஞ்சீங்க, அதச் சொல்லுங்க."
குரலில் கோபமே இல்லை.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் சுங்கப் பத்திரம் நிரப்புகிறவள்.
பெட்டி ஒன்று குறைந்தால் யாரோ ஒருவர்
கையெழுத்துப் போட்டிருப்பார்.
அந்தப் பெயரைத் தேடி எடுக்கத்தான் சம்பளம்.

மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று.
அரைநாள் லீவு. பிஸ்கட் டின்னுக்குள் ஐஸ்,
அதன்மேல் கடைசியாய்ச் செத்தது, பொலித்தீனில் சுற்றி.
நாரஹேன்பிட்டிக்கு ஓட்டோ.
கேக்கா மிஸ், என்றார் ட்ரைவர்.
ஓம் என்றேன்.

மிருகவைத்தியர் தேஜஸ்வினி
நகவெட்டியளவுக் கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்தார்.
குடல் முடிகிற இடத்தில் இரண்டு சிறு பைகள்,
கவட்டையாய்ப் பிரிந்து.
ஒன்றைக் கீறினார்.
உள்ளே தயிர் காய்ந்தது போல வெள்ளைக் கட்டி.
கண்ணாடியில் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்து
என்னையும் பார்க்கச் சொன்னார்.
வட்டம் வட்டமாய், எண்ண முடியாத அளவு.
கொக்சிடியா.
"எச்சத்தில இருக்கும். ஈரமும் சூடும் கிடைச்சா
ரெண்டு நாளில பழுத்திடும். அதையே கொத்தித் திண்டா
திரும்ப வயித்துக்குள்ள.
கீழ கம்பிவலைதானே போட்டிருக்கிறீங்க?"

கம்பிவலைதான். இஃப்ஹாம் நானா அடித்துத் தந்தது.
ஆனால் பத்தாம் நாள் இரவு
ஒரு குஞ்சின் விரல் வலைக்குள் சிக்கி
அது கத்திய கத்தலில்
என் பழைய துவாயை மடித்து விரித்துவிட்டேன்.
பூப்போட்டது. மெத்தென்றிருக்கும்.
குவளை சிந்தியதையெல்லாம் அது குடித்தது.
மேலே விழுந்ததையெல்லாம் வைத்துக்கொண்டது,
விளக்கின் நேர் கீழே, ஏழு நாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீரில் கலக்க ஐந்து நாள் மருந்து எழுதினார்.
குவளைக்குள் கூழாங்கல் போடச் சொன்னார்.

திரும்புகிற வழியில் இஃப்ஹாம் நானாவுக்கு
"துவாய்" என்று மட்டும் அனுப்பினேன்.
பொரளைச் சந்தியில் பதில் வந்தது:
"சரி தங்கச்சி. கொதிதண்ணி ஊத்திக் கழுவுங்க."

வீட்டில் மேலும் இரண்டு போயிருந்தன.
மிச்சப் பதினாலும் வெறும் வலையில்
காலைத் தூக்கித் தூக்கி வைத்தன,
என்னைப் பார்க்காமல்.
விரல் சிக்கினால்?
சிக்கினால் எழுந்து வந்து எடுத்துவிட வேண்டும்.

குப்பை லொறி வெள்ளிதான் வரும்.
அதுவரை துவாய் பல்கனியில்,
இரட்டை முடிச்சுப் போட்ட பையில்.

பதினெட்டாம் நாள் எண்ணப் போகவில்லை.
முதலில் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினேன்.
அறைக்குள்ளிருந்து
கூழாங்கல்லை அலகுகள் தட்டும் சத்தம்.
எத்தனை அலகு என்று
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.